பனி நிலவில் ஒரு சரந்தீப்

சிவனொளிபாத மலைத்தொடரில் ஊற்றெடுக்கும் மஸ்கெலி ஓயாவும், அயல் மலைகளிலிருந்து இறங்கிவரும் கெஹெல்கமு ஓயாவும் ஒன்றுகூடிக் களனி கங்கை என்னும் பெயரைப் பெறுகின்றன. அக்கங்கை கித்துல்கலையைக் கடந்து, மலையிடுக்குகளை விட்டுப் பள்ளத்தாக்கிலே இறங்கும் வழியில் யட்டியாந்தோட்டை அமைந்துள்ளது. ‘தொட்ட’ என்னும் சிங்களச் சொல்லுக்கு ஆற்றுத்துறை என்பது பொருள். கேகாலை மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரைச் சுற்றிலும் றப்பரும் தேயிலையும் செழித்த தோட்டங்கள் பல உள. பனாவத்தை, வீஓயா முதலிய அத்தோட்டங்களின் லயங்களிலே, தமிழகத்திலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர்.

இப்பள்ளத்தாக்கின் ஆற்றுக்குத் தாயாகிய சிவனொளிபாத மலையைப் பழைய அராபியக் கடலோடிகள் நன்கறிவர். ஆதிபிதா ஆதம் வானுலகினின்றும் நிலவுலகில் அடிவைத்த இடம் அது என்பது அவர்தம் நம்பிக்கை. அம்மலை நிற்கும் தீவினை அவர்கள் சரந்தீப் என்று வழங்கினர். சிங்களத்வீபம் என்னும் வடமொழிப் பெயரே அராபியர் நாவில் அவ்வாறு திரிந்தது. ஆயிரத்தோர் இரவுக் கதைகளில் வரும் சிந்துபாது, தன் ஆறாவது கடற்பயணத்திலே வந்து சேர்ந்த நாடும் இச்சரந்தீபே.

இப்பெயர் இன்று இத்தீவுக்கு மட்டும் உரியதன்று. கதிரவனிலிருந்து சுமார் 140 கோடி கிலோமீற்றர் தொலைவில், சனிக் கிரகத்தைச் சுற்றிவரும் என்சலடஸ் என்னும் பனிக்கட்டி நிலவின் தேசப்படத்திலே, மத்திய கோட்டை அடுத்துக் கிடக்கும் ஒரு சமவெளிக்குச் சரந்தீப் சமவெளி என்று பெயர். மனிதர் எவரும் கால்வைத்திராத அந்நிலத்தின் படம் வரையப்பட்ட வரலாறு என்ன? அப்படத்தைத் திரும்பத் திரும்பத் திருத்தியதனால் உலகம் கண்ட புதுமை யாது? இவ்விரண்டுமே ஈண்டு கூறப்படுவன.

என்சலடஸை முதன்முதற் கண்டவர் வில்லியம் ஹேர்ஷல். இங்கிலாந்திலே தாம் அமைத்த பெருந் தொலைநோக்கியினால், 1789ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள், சனியின் வளையத்தருகே ஓர் ஒளிப்புள்ளியாக அதனை அவர் கண்டார். கிரேக்கப் புராணத்து அரக்கன் ஒருவனுடைய பெயரை அதற்கு 1847இல் சூட்டியவர் அவர் மகனாராகிய ஜோன் ஹேர்ஷல். எற்னா எரிமலையின் அடியிலே புதையுண்டு, அங்கிருந்து நெருப்பு மூச்சு விடுபவன் அவ்வரக்கன் என்பது கதை. பெயர் வந்ததே ஒழிய, நிலவின் முகம் தெரியவில்லை. ஹேர்ஷலின் காலந் தொட்டு ஏறத்தாழ 190 ஆண்டுகள், எத்துணைப் பெரிய தொலைநோக்கியிலும் அது வெறும் புள்ளியாகவே நின்றது.

அதன் அளவை இலங்கையோடு ஒப்பிட்டு அறியலாம். பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை வரை இத்தீவின் நீளம் சுமார் 430 கிலோமீற்றர். என்சலடஸின் குறுக்களவு 504 கிலோமீற்றர். ஆகவே, இத்தீவின் நீளத்தைக் காட்டிலும் சற்றே அகன்ற ஒரு பனிப்பந்து அது. உருண்டை வடிவமாதலின், அதன் மேற்பரப்பு முழுவதும் விரித்தால் பன்னிரண்டு இலங்கைகளின் பரப்புக்குச் சமமாகும். அத்துணை நிலத்தை, மண்ணிலே ஓர் அளவுக்கோலும் ஊன்றாமல் வரையவேண்டியிருந்தது.

நிலத்தை அளப்போர் முறை எது? இலங்கையில் நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டிலே தோன்றியது. அதன் அளவையாளர் காடும் மலையும் ஏறித் தேசப்படம் வரைந்த முறைக்கு முக்கோண அளவை என்று பெயர். சமதரையிலே ஒரு நேர்கோட்டினை மிக நுட்பமாக அளப்பர். அக்கோட்டின் இரு முனைகளிலும் நின்று, தொலைவிலுள்ள ஒரு மலையுச்சியைத் தியோடலைற்றுக் கருவியால் நோக்கிக் கோணங்களைக் குறிப்பர். ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்துவிட்டால், மலையுச்சி எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பதைக் கணக்கே கூறிவிடும். பின்பு அம்முக்கோணத்தின் ஒரு பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடியாகும். இவ்வாறு நாடு முழுவதும் ஒரு வலை விரியும். முதலில் வலை, பின்னரே ஆறும் வீதியும் தோட்டமும் அவ்வலைக்குள் வரையப்படும். வலை பிழைத்தால் படம் முழுவதும் பிழைக்கும்.

யட்டியாந்தோட்டைப் பகுதியில் அளவையாளருக்கு இடையூறாக நின்றவை மழையும் மேகமும். என்சலடஸில் மேகம் இல்லை, மழை இல்லை. ஆயினும் அதனினும் பெரிய இடையூறு ஒன்று உண்டு. நோக்கும் கருவி மணிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் வேகத்தில் விரைகின்றது. நோக்கப்படும் நிலமோ 33 மணி நேரத்துக்கு ஒருமுறை சனியைச் சுற்றி வருகின்றது. நிற்கும் மலை எதுவுமில்லை. நின்று நோக்கும் ஆளும் இல்லை.

1980 நவம்பரில் முதலாவது வொயேஜர் விண்கலமும், 1981 ஆகஸ்டில் இரண்டாவது வொயேஜர் விண்கலமும் சனியைக் கடந்தன. இரண்டாவது கலமே என்சலடஸை நெருங்கியது. நெருங்கியது என்றால், சுமார் 87,000 கிலோமீற்றர் தூரத்தில் என்பது பொருள். அக்கலத்தின் படக்கருவி ஒவ்வொரு படத்தையும் 800 வரிசைகளாகவும், வரிசைக்கு 800 புள்ளிகளாகவும் பகுத்தது. ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் ஓர் எண்ணாக மாற்றப்பட்டது. அவ்வெண்கள் வானொலி அலைகளிலேறி, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வெட்டவெளியில் பயணஞ் செய்து பூமியை அடைந்தன. வானொலிப் பெட்டியில் வந்து சேரும் குரலைப் போலவே, அந்நிலவின் முகமும் அலையாகவே வந்தது என்பது நேயர்கள் எண்ணி மகிழத்தக்கது.

ஆனால், குறையும் நேர்ந்தது. சனியைக் கடந்த சிறிது நேரத்தில், இரண்டாவது வொயேஜரின் படக்கருவியைத் திருப்பும் மேடை இறுகிக்கொண்டது. என்சலடஸ், தெதிஸ் ஆகிய நிலவுகளின் சில படங்கள் அதனால் கிடைக்காமற் போயின. கிடைத்தவையும் பெரும்பாலும் வடபாகத்தைக் காட்டினவே யன்றித் தென்துருவத்தைத் தெளிவாகக் காட்டவில்லை.

கிடைத்த அளவில் அப்படங்கள் அறிஞரைத் திகைக்க வைத்தன. காற்றற்ற நிலவுகளிலே விண்கற்கள் விழுந்து குழிகளை உண்டாக்குகின்றன. அக்குழிகளை எண்ணி நிலத்தின் வயதைக் கணிப்பது வழக்கம். மழை தூறும் முற்றத்தில் துளிகளின் தடம் நிறைந்திருந்தால், பெருக்கி நெடுநேரம் ஆயிற்று என்பது தெளிவு. தடமே இல்லையெனில், இப்பொழுதுதான் யாரோ பெருக்கியிருத்தல் வேண்டும். என்சலடஸில் சில பாகங்கள் குழிகள் மலிந்து முதுமை காட்டின. வேறு சில பாகங்களோ பெருக்கிவிட்ட முற்றம்போல் ஏறத்தாழக் குழியின்றிக் கிடந்தன. சுமார் 200 பாகை உறைகுளிரில் கிடக்கும் சிறியதொரு பனிப்பந்தினைப் பெருக்கியது யார்? அவ்வினாவுக்கு அன்று விடையில்லை.

வினா எழுந்த நிலத்திற்கு முதலிற் படம் வேண்டும். வெவ்வேறு கோணத்திலும் வெவ்வேறு வெளிச்சத்திலும் எடுக்கப்பட்ட படங்களை அப்படியே ஒட்டினால், ஓரிடத்து நிழல் மற்றோரிடத்து நிழலோடு முரணும். குழி மேடாகத் தோன்றும். ஆகவே அமெரிக்கப் புவியியல் அளவை நிறுவனத்தார், அரிசோனாவிலுள்ள பிளாக்ஸ்ராவ் நகரிலே ஓவியர்களை அமர்த்தியிருந்தனர். அவர்கள் ஒவ்வொரு படத்தையும் நெடுநேரம் நோக்கி, நிலத்தின் உண்மையான ஏற்ற இறக்கத்தை மனத்திற் கொண்டு, மையைத் தூவும் காற்றுத் தூரிகையினால், ஒரே பக்கத்திலிருந்து ஒளி விழுவதாகக் கொண்டு வரைவர். பற்றீசியா பிரிட்ஜஸ், ஜே இங் ஆகியோர் இக்கலையில் பெயர் பெற்றவர்கள். கண்ணாற் காணாத நாட்டைக் கையினால் வரைந்தவர்கள் அவர்கள்.

ஓவியத்துக்கு அடியில் ஒரு வலை இருந்தது. பல படங்களிலே தெளிவாகத் தெரியும் சிறு குழிகளைத் தேர்ந்து, ஒவ்வொரு படத்திலும் அவை விழும் இடத்தை அளந்து, கலம் இருந்த நிலையோடு பொருத்திக் கணக்கிடுவதனால் அமைவது அவ்வலை. இலங்கை மலையுச்சிகளின் முக்கோண வலைக்கும் இதற்கும் தத்துவம் ஒன்றே. மலையுச்சிக்குப் பதில் குழி, தியோடலைற்றுக்குப் பதில் படம், அவ்வளவே வேறுபாடு. கோள்களுக்கும் நிலவுகளுக்கும் இவ்வித வலையைப் பின்னுவதிலே வாழ்நாளைச் செலவிட்டவர் மேர்ட்டன் டேவிஸ் என்பவர். பூமியிலே நெடுங்கோடுகள் கிரீன்விச்சினின்றும் எண்ணப்படுகின்றன. என்சலடஸிலோ சாலிஹ் என்னும் குழியொன்று 5 பாகை நெடுங்கோட்டில் நிற்பதாகக் கொண்டு ஏனைய கோடுகள் எண்ணப்படுகின்றன.

சாலிஹ் என்னும் இப்பெயர் எங்ஙனம் வந்தது? புதிதாகக் கண்ட நிலங்களுக்குப் பெயரிடும் உரிமை சர்வதேச வானியற் சங்கத்தினுடையது. ஒவ்வொரு நிலவுக்கும் ஒவ்வோர் இலக்கியத்தை அல்லது புராணத்தை ஒதுக்குவது அதன் முறை. என்சலடஸுக்கு, ரிச்சட் பேட்டன் ஆங்கிலத்தில் பெயர்த்த ஆயிரத்தோர் இரவுக் கதைகள் ஒதுக்கப்பட்டன. குழிகளுக்குக் கதை மாந்தர் பெயர். ஏனைய நிலக்கூறுகளுக்குக் கதையில் வரும் ஊர்ப் பெயர். 1982இல் சிந்துபாது, அலாவுத்தீன், அலிபாபா முதலியோர் குழிகளாயினர்; சமர்கந்து வரிப்பள்ளங்களாயிற்று; தியாரும் சரந்தீபும் சமவெளிகளாயின.

பெயரின் இயல்பைத் தோட்டப்புறத்தார்க்கு விளக்க வேண்டுவதில்லை. ஒரே தோட்டம் கந்தோர்ப் பேரேட்டிலே ஒரு பெயராலும், லயத்தில் வாழ்வோர் வாயிலே வேறொரு பெயராலும் வழங்குவது மலைநாட்டிற் சாதாரணம். பேரேட்டுப் பெயர் தேசப்படத்தில் ஏறும். வாய்ப் பெயரோ வாயிலேயே நின்று, பேசுவோர் நீங்கியதும் மறையும். படத்தில் ஏறிய பெயர் நிலத்தைப் பற்றிக் கூறுவதைக் காட்டிலும், பெயரிட்டவர் கையிலிருந்த நூலைப் பற்றியே மிகுதியாகக் கூறும். என்சலடஸிலே பெயரிழந்தார் எவருமில்லை. ஆதலின் அங்கே இதனால் தீங்கில்லை. பூமியின் படங்களை நோக்கும்போது இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

சிந்துபாதின் ஆறாம் பயணக் கதையை ஈண்டு நினைவுகூர்தல் பொருத்தமாகும். கப்பல் உடைந்து மலையடிவாரத்தில் ஒதுங்கிய அவன், அங்கே ஓர் ஆறு குகைக்குள் நுழைந்து மறைவதைக் கண்டான். தெப்பமொன்று கட்டி அவ்விருண்ட நீரோட்டத்தில் தன்னை ஒப்படைத்தான். நிலத்தடி நீரின் வழியே சென்று, கண் விழித்தபோது சரந்தீபின் வெளிச்சத்தில் இருந்தான். 1982இல் அச்சமவெளிக்குப் பெயரிட்டோர் கதையிலிருந்து ஒரு பெயரை எடுத்தனரே யன்றி வேறொன்றும் கருதினாரல்லர். அச்சமவெளியின் அடியிலும் இருண்ட நீர் உண்டு என்பதை அப்போது எவரும் அறியார்.

அதனை அறிவதற்கு மீண்டும் செல்லவேண்டியிருந்தது. அமெரிக்க, ஐரோப்பிய, இத்தாலிய விண்வெளி நிறுவனங்கள் ஒன்றுகூடிக் கசினி என்னும் கலத்தை 1997 ஒக்டோபரில் அனுப்பின. அது 2004ஆம் ஆண்டின் நடுவில் சனியை அடைந்தது. வொயேஜர்கள் வழிப்போக்கர்; கசினி குடிவந்த அளவையாளன். அது பதின்மூன்று ஆண்டுகள் சனியைச் சுற்றியவண்ணம் மீண்டும் மீண்டும் என்சலடஸை நோக்கியது.

2005 பெப்ரவரியிலும் மார்ச்சிலும் அந்நிலவை அண்மிச் சென்றபோது, கலத்திலிருந்த காந்தமானி ஒரு விந்தையைக் காட்டியது. சனியின் காந்தப் புலம், ஏதோ ஒரு வாயுப் படலம் தடுப்பதுபோல் அந்நிலவைச் சுற்றி வளைந்தது. அக்கருவிக்குப் பொறுப்பாக இருந்த இலண்டன் பேராசிரியை மிஷெல் டொகேற்றி, அடுத்த முறை இன்னும் தாழச் செல்லுமாறு வேண்டினார். அவ்வண்ணமே 2005 ஜூலை 14ஆம் நாள் கசினி 175 கிலோமீற்றர் உயரத்தில் தென்பாகத்தைக் கடந்தது. வொயேஜரின் படத்திலே வெறுமையாக விடப்பட்டிருந்த அந்தத் தென்துருவத்திலேதான் முழு நிலவின் மருமமும் இருந்தது. அங்கே ஏறத்தாழ ஒன்றுக்கொன்று இணையாக, ஒவ்வொன்றும் சுமார் 130 கிலோமீற்றர் நீளமுள்ள நான்கு பிளவுகள் தெரிந்தன. புலியின் வரிகளை ஒத்தமையால் புலிவரிகள் என்றே அவற்றை அழைத்தனர். சூழ்ந்த பனியிலும் அவை வெப்பமாக இருந்தன. அலெக்சாந்திரியா, கைரோ, பக்தாது, தமஸ்கு என்னும் நகரங்களின் பெயர்கள் அவற்றிற்கு இடப்பட்டன.

அவ்வாண்டு நவம்பரிலே, கதிரவன் நிலவுக்குப் பின்னால் நிற்குமாறு கலம் அமைந்தபோது படங்கள் எடுக்கப்பட்டன. கூரை இடுக்கால் வரும் ஒளிக்கற்றையிலே கண்ணுக்குத் தெரியாத தூசி பளிச்சிடுமன்றோ? அதுபோலப் பிளவுகளினின்றும் மேலெழும் நுண்பனித் தாரைகள் அந்தப் பின்னொளியிலே பளிச்சிட்டன. நீராவியும் பனித்துகளும் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் உயரம் பாய்ந்து கொண்டிருந்தன. சனியைச் சூழ்ந்த பரந்த வெளிவளையம் ஒன்று, இத்தாரைகள் ஊட்டும் பனித்துகளாலேயே நிலைபெறுகின்றது என்பதும் தெளிவாயிற்று. கசினி அத்தாரைகளினூடே பலமுறை புகுந்து சென்று, அவற்றில் உப்பும் கரிமப் பொருள்களும் கலந்திருப்பதை அறிந்தது. நிலத்தை மூடிப் பழந்தடத்தை மறைத்த வெண்பனியில் ஒரு பகுதி, இத்தாரைகளிலிருந்து திரும்ப விழும் துகளே.

யட்டியாந்தோட்டையிலே விடியுமுன் எழுந்து பால்வெட்டச் செல்லும் தொழிலாளிக்கு இக்காட்சி புதிதன்று. றப்பர் மரத்தின் பட்டையில் சாய்வாக ஒரு கோடு கீறியதும், உள்ளே அழுத்தத்தில் நிற்கும் பால் அக்கோட்டின் வழியே கசிந்து சிரட்டையில் விழுகின்றது. விடியற்காலையில் மரத்தினுள் அழுத்தம் மிகும், பாலும் மிகும். வெயில் ஏற ஏறப் பால் குறையும். என்சலடஸின் தாரைகளுக்கும் பொழுது உண்டு. அந்நிலவின் பாதை சற்று நீள்வட்டமானது. சனியை விட்டு மிகத் தூரத்தில் நிற்கும் வேளையிலே பிளவுகள் விரிந்து தாரை மிகுகின்றது. அண்மையில் வரும்போது குறைகின்றது. சனியின் ஈர்ப்பு அந்நிலவைப் பிசைந்துகொண்டே இருப்பதே அதன் உள்வெப்பத்துக்கும் காரணம்.

தாரைகள் எங்கெங்கே பிறக்கின்றன? படப்பிடிப்புக் குழுவின் தலைவியாகிய கரொலின் போர்க்கோவும் அவர் துணைவரும், சுமார் ஏழாண்டுப் படங்களைக்கொண்டு அதனை ஆராய்ந்தனர். ஒரே தாரையை இருவேறு திசைகளிலிருந்து நோக்கிய படங்களை எடுத்து, இரு பார்வைக் கோடுகளும் வெட்டும் இடத்தைக் கண்டனர். பழைய அளவையாளரின் முக்கோண முறையே மீண்டும் கைகொடுத்தது. 2014இல் வெளியான அவர்தம் ஆராய்ச்சியின்படி, 101 தாரைகளின் ஊற்றுக்கண்கள் புலிவரிகளின் மேலேயே நிற்கின்றன.

இதற்கிடையில் தேசப்படமும் வளர்ந்தது. ஜெர்மன் விண்வெளி நிலையத்தில் தோமஸ் ரோட்ஷ் முதலியோர், கசினியின் படங்களைப் பொருத்தி, என்சலடஸ் முழுவதையும் 15 தாள்களில் அடக்கிய ஒரு படத்தொகுதியை வெளியிட்டனர். அதன் அளவுத்திட்டம் ஐந்து இலட்சத்துக்கு ஒன்று. அதாவது தாளில் ஓர் அங்குலம் நிலத்தில் ஏறத்தாழ 8 மைல். பழைய இலங்கைத் தேசப்படத்தின் அங்குலத்துக்கு ஒரு மைல் என்னும் அளவோடு ஒப்பிடின் இது நுட்பம் குறைந்ததே. ஆனால், சங்கிலி பிடித்து நடந்து அளந்தவர் எவருமின்றிக் கிடைத்த படம் என்பதை நினைத்தால் அதன் அருமை விளங்கும். பிற்காலத்துத் திருத்தங்களில், 100 மீற்றர் அளவுள்ள நிலத்துண்டு ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாகத் தெரியுமளவுக்கு அப்படம் செம்மையாயிற்று.

இனி, இவ்வரலாற்றின் சிகரமான செய்தி வருகின்றது. தென்துருவத்தின் கீழ் நீர் உண்டு என்பதைத் தாரைகள் காட்டின. ஆனால், அது துருவத்தின் கீழுள்ள ஒரு குளமா, அல்லது நிலவு முழுவதும் பரந்த கடலா? இக்கேள்விக்கு விடை தந்தது தாரையன்று, தேசப்படத்தின் அடிவலையே.

கோர்ணெல் பல்கலைக்கழகத்துப் பீற்றர் தோமஸும் அவர் குழுவினரும், கசினி ஏழாண்டுகளாக எடுத்த படங்களிலே அதே குழிகளின் இடத்தைத் திரும்பத் திரும்ப அளந்தனர். நிலவு எப்போதும் ஒரே முகத்தைச் சனிக்குக் காட்டியவாறு சுற்றுகின்றது. பாதை நீள்வட்டமாதலின், அம்முகம் ஒரு தொட்டில் ஆடுவதுபோல் இப்புறமும் அப்புறமும் சிறிது அசைதல் இயல்பு. எவ்வளவு அசைகின்றது என்பதே கேள்வி. மேலோடு முதல் மையம் வரை ஒரே திண்மையான உடலாயின் அசைவு மிகச் சிறிதாயிருக்கும். தோமஸ் குழுவினர் கண்ட அசைவோ 0.12 பாகை. மத்திய கோட்டிலே இது சுமார் அரைக் கிலோமீற்றருக்குச் சமம். திண்மையான உடலுக்குப் பொருந்தாத அளவு.

இதன் பொருளை ஒரு தேங்காயைக்கொண்டு உணரலாம். பருப்பு ஓட்டோடு ஒட்டியிருக்கும் தேங்காயைத் திருப்பினால் இரண்டும் ஒன்றாய்த் திரும்பும். பருப்பு வற்றி ஓட்டைவிட்டுக் கழன்ற கொப்பரையாயின், ஓடு திரும்பும்போது உள்ளிருப்பது உடன் திரும்பாது. ஓடு எளிதில் அசையும். என்சலடஸின் பனியோடும் அவ்வாறே தன் பாறைக் கருவோடு ஒட்டாமல் அசைகின்றது. இரண்டுக்குமிடையே, எப்பக்கத்திலும், வழுக்கும் நீர் இருத்தல் வேண்டும். சராசரி 20 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தடிப்புள்ள பனிக்கூரையின் கீழ், முழு நிலவையும் சூழ்ந்து ஒரு கடல் கிடக்கின்றது. 2015 செப்டெம்பரில் இம்முடிபு வெளியாயிற்று. சரந்தீப் சமவெளியும் அக்கடலின் மேலேயே மிதக்கின்றது.

ஹொறஸ் வால்போல் என்னும் ஆங்கில எழுத்தாளர், சரந்தீபின் மூன்று இளவரசர்களைப் பற்றிய ஒரு பழங்கதையை அடியாகக் கொண்டு, 1754இல் ஆங்கிலத்துக்கு ‘செரென்டிப்பிற்றி’ என்னும் சொல்லை ஆக்கிக் கொடுத்தார். தேடாத நற்பேறு எதிர்பாராது கிட்டுதல் என்பது அதன் பொருள். என்சலடஸின் கடலையும் அத்தகைய நற்பேறு என்று சிலர் கருதக்கூடும். காந்தமானி வளைவைக் காட்டியது நற்பேறாகலாம். கடலைக் கண்டதோ அவ்வாறன்று. ஒரே குழியை ஏழாண்டு அளந்தவர்களுக்கே அரைக் கிலோமீற்றர் அசைவு புலப்பட்டது. ஒருமுறை பார்த்தவன் பெறுவது படம். பலமுறை பார்த்தவன் பெறுவது உள்ளே இருப்பதைப் பற்றிய அறிவு.

மேற்பரப்பின் விரிசலும் அசைவும் உள்ளேயுள்ள நீரை உணர்த்தும் என்பது சனிக்கே உரிய செய்தியன்று. கேகாலை மாவட்டத்தார் இதனைப் பெரும் விலை கொடுத்து அறிந்துள்ளனர். 2016 மே மாதத்தில், பெருமழையினால் அரநாயக்கவில் மலைச்சரிவு பெயர்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். யட்டியாந்தோட்டைக்கு அண்டையிலுள்ள புளத்கொஹுபிட்டியவிலும் தோட்ட லயங்களில் வாழ்ந்தோர் மண்ணுக்குள் மறைந்தனர். மலையினுள் நீர் நிறைந்து அழுத்தம் ஏறும்போது, நிலம் முன்னரே குறிப்புக் காட்டுவதுண்டு. தரையிலும் சுவரிலும் புதிய வெடிப்பு; சாயும் மரம்; திடீரென்று கலங்கும் ஊற்று; என்றுமில்லாத இடத்தில் கசியும் நீர். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயமுள்ள சரிவுகளுக்குப் படம் வரைந்து வருகின்றது. ஆனால், வரைந்து வைத்த படம் மட்டும் போதாது. நேற்றைய வெடிப்பு இன்று அகன்றதா என்று மீண்டும் சென்று அளக்கும் கண் வேண்டும். தொலைவிலுள்ள நிலவின் ஒரு குழியை ஏழாண்டு மறவாது அளந்த பொறுமையில் ஒரு பங்கு, லயத்தின் பின்புறத்துச் சரிவுக்கும் உரித்தாதல் வேண்டும்.

கசினியின் முடிவும் கருதத்தக்கது. அதன் எரிபொருள் தீரும் காலம் நெருங்கியபோது, கட்டுப்பாடற்று அலைய விட்டால் என்றேனும் ஒருநாள் அது என்சலடஸின் மீதே விழக்கூடும் என்று அறிஞர் அஞ்சினர். பூமியினின்றும் ஒட்டிச் சென்ற நுண்ணுயிர் ஏதேனும் அக்கடலைச் சேர்ந்துவிட்டால், அங்கே உயிர் உண்டா என்னும் வினாவே மாசுபட்டுவிடும். ஆகவே 2017 செப்டெம்பர் 15ஆம் நாள் அக்கலத்தைச் சனியின் வளிமண்டலத்துள் செலுத்தி எரித்தனர். தான் அளந்த நிலத்தைக் கெடுக்காமல் அளவையாளன் தன்னை அழித்துக்கொண்டான்.

அவன் விட்டுச் சென்ற படம் இருக்கின்றது. அதிலே சிந்துபாதின் குழியும் சரந்தீபின் சமவெளியும் இருக்கின்றன. அங்கே உயிர் உண்டோ இல்லையோ, இருண்ட நீர் உண்டு என்பது உறுதி. இங்கே, பழைய சரந்தீபின் மலையிலே பிறந்த நீர், யட்டியாந்தோட்டையின் துறையைக் கடந்து, வெளிச்சத்திலே கடலை நோக்கி ஓடிக்கொண்டிருக்கின்றது.